விண்ணேறுதலும் மண்ணிறங்குதலும்

புனேயிலிருந்து லோணாவளா செல்லும் உள்ளூர் இரயிலில் ஏறி அமர்வோர், கட்கி, பிம்ப்ரி, சிஞ்ச்வட் முதலிய ஆலைப் பகுதிகளைக் கடந்ததும் தேஹு ரோடு என்னும் நிலையத்தைக் காண்பர். அந்நிலையத்துக்கு அருகில்தான் துகாராம் மகராஜ் வாழ்ந்த தேஹு கிராமம் இருக்கிறது. பதினேழாம் நூற்றாண்டில் வாழ்ந்த அப்பெரியார் புஷ்பக விமானத்தில் ஏறி உடலோடு வைகுந்தம் புகுந்தார் என்பது மராட்டிய மக்கள் போற்றிவரும் மரபு. அவர் ஏறினார், இறங்கவில்லை. அதே இரயிலில் மேலும் சென்று, தளேகாவ், வட்காவ், கான்ஹே என்னும் நிலையங்களைத் தாண்டினால் காம்ஷேட் வந்து சேரும். அங்கே இன்று வானில் ஏறுகிறவர்கள் எல்லாரும் இறங்கியாக வேண்டியவர்கள். அவர்கள் எவ்வாறு இறங்குகிறார்கள், அவசரம் நேர்ந்தால் எவ்வாறு விரைந்து இறங்குகிறார்கள், அக்கலை எவ்வாறு வளர்ந்தது என்பதே இன்று நாம் பேச எடுத்துக்கொண்ட பொருள்.

கட்கியிலும் இராஸ்தா பேட்டையிலும் தலைமுறை தலைமுறையாகக் குடியிருக்கும் நம் தமிழ்க் குடும்பத்தார் பலர், மழைக்காலத்தில் அருவி பார்க்கவும், கார்லா, பாஜா குகைகளைக் காணவும் இந்த வழியே போய்வருகிறவர்கள்தாம். மழை ஓய்ந்து, ஐப்பசி பிறந்து, மலைச்சரிவுகளில் புல் பழுக்கத் தொடங்கும் பருவத்தில் காம்ஷேட்டைக் கடப்பவர்கள் சன்னலுக்கு வெளியே பார்த்தால், குன்றுகளின் மேல் செம்மையும் மஞ்சளும் நீலமுமான பிறைகள் மிதப்பதைக் காணலாம். குழந்தைகள் பட்டம் என்று கூவும். உற்றுப் பார்த்தால் ஒவ்வொரு பிறையின் கீழும் ஓர் ஆள் தொங்குவது தெரியும். அதுவே பாராகிளைடர் எனப்படும் துணிச்சிறகு. சிலருடைய முதுகில் வட்டக் கூண்டுக்குள் விசிறி ஒன்று சுழலும், ஓசையும் கேட்கும். அது பாராமோட்டார், அதாவது விசைப்பொறி பூட்டிய துணிச்சிறகு.

ஏறுவதைப் பற்றிப் பாடிய புலவர் உலகில் பலர். இறங்குவதைப் பற்றி எண்ணிப் பார்த்தவர் சிலரே. அச்சிலருள் ஒருவர் நம் திருத்தக்க தேவர் என்பதில் தமிழராகிய நாம் சற்றே பெருமை கொள்ளலாம். சீவக சிந்தாமணியில் சச்சந்தன் தன் தேவி விசயைக்காகச் செய்வித்த மயிற்பொறிக்கு அவர் ஒரு திருகு வைத்திருக்கிறார். வலப்புறம் திருகினால் மயில் மேகத்தைக் கிழித்து மேலே செல்லும். இடப்புறம் திருகினால் மெல்லத் தரையில் இறங்கிக் கால் ஊன்றும். பகைவனான கட்டியங்காரனின் வெற்றி முரசம் கேட்டு விசயை வானிலேயே மயங்கிச் சாய்கிறாள். மயில் நகரின் புறத்தே சுடுகாட்டில் வந்து இறங்குகிறது. கற்பனைக் கதைதான். ஆயினும் பறக்கும் பொறிக்கு இறங்கும் ஏற்பாடு தனியே வேண்டும் என்பதும், பறப்பவர் வானில் நினைவிழந்தால் என்ன ஆகும் என்பதும் ஆயிரம் ஆண்டுக்கு முன்னரே ஒரு தமிழ்ப் புலவரின் சிந்தனையில் தோன்றியிருக்கின்றன. இவ்விரண்டு கேள்விகளும் இப்பேச்சில் மறுபடி நம்மை வந்து சந்திக்கும்.

இறங்கும் கருவியின் சரித்திரம் பிரான்சில் தொடங்குகிறது. 1783-ஆம் ஆண்டில் லெனோர்மாந் என்பவர் மோன்பெலியே நகரில் குடை போன்ற கருவியைக் கொண்டு உயரத்திலிருந்து குதித்துக் காட்டினார். அதே ஆண்டில்தான் மனிதன் முதன்முதலாகப் பலூனில் ஏறினான். ஏற வழி கண்ட ஆண்டிலேயே இறங்கவும் வழி தேடினார்கள் என்பது கருதத்தக்கது. 1797-ஆம் ஆண்டு அக்டோபர் 22-ஆம் தேதி பாரிஸ் நகரில் கார்னெரின் என்பவர் பலூனில் ஏறத்தாழ 1000 மீட்டர் உயரம் சென்று, கயிற்றை அறுத்துக்கொண்டு பட்டுக் குடையில் இறங்கினார். உயிர் தப்பினார். ஆனால் குடை ஊஞ்சல் போல் கண்டபடி ஆடியது. குடைக்குள் சேர்ந்த காற்றுக்கு வெளியேற வழியில்லாததே காரணம். வானநூல் அறிஞர் லாலாந்து, உச்சியில் ஒரு துளை இடச் சொன்னதாகக் கூறுவர். அத்துளை இன்றளவும் வட்டப் பாராசூட்டுகளில் இருக்கிறது.

அந்த ஆட்டத்தை வேறு விதமாக நிறுத்த எண்ணினார் இங்கிலாந்தில் இராபர்ட் காக்கிங் என்னும் முதியவர். குடையைத் தலைகீழாகக் கவிழ்த்த கூம்பு வடிவில் செய்தால் ஆடாது என்பது அவர் கணக்கு. கணக்கு பிழையன்று. ஆனால் அக்கூம்பின் சொந்த எடையே மிகுதி என்பதை அவர் கருதவில்லை. 1837-ஆம் ஆண்டு ஜூலை மாதத்தில் பலூனிலிருந்து கழன்று வந்த கூம்பு வானிலேயே சிதைந்தது, அவர் மாண்டார். இறங்கும் முறை ஒன்றில் உள்ள குறையைத் திருத்தப் போய், அதைவிடப் பெரிய கேட்டை வரவழைத்துக்கொண்ட கதை இது. இத்தொழிலின் சரித்திரத்தில் இக்கதை ஒருமுறை மட்டும் நிகழவில்லை.

நம் நாட்டிற்கும் இதில் பங்கு உண்டு. 1889-ஆம் ஆண்டில் பெர்சிவல் ஸ்பென்சர் என்னும் ஆங்கிலேயர் இந்தியாவுக்கு வந்து பலூனேற்றமும் பாராசூட் இறக்கமும் காட்டினார். அவரிடம் கற்ற கல்கத்தாவின் இராம்சந்திர சட்டர்ஜி அதே ஆண்டில் தனியே பலூனில் ஏறினார். 1890-இல் பாராசூட்டிலும் இறங்கினார். 1892-இல் டாக்காவில் நவாபின் அழைப்பின்பேரில் வந்த ஜானெட் வான் டாசெல் என்னும் பெண்மணியின் முடிவு இரங்கத்தக்கது. வானிலிருந்து இறங்கி வந்தவர் மரத்தில் சிக்கினார். கீழே இறக்குவதற்காக நீட்டிய மூங்கில் முறிந்து விழுந்து, அக்காயத்தால் இறந்தார். ஆயிரம் அடி இறங்கியவருக்குக் கடைசிச் சில அடிகள் எமனாயின.

இனி நம் துணிச்சிறகின் பிறப்புக்கு வருவோம். அமெரிக்காவில் பட்டம் செய்வதில் வல்லவரான டொமினா ஜால்பர்ட் என்பவர் 1964-ஆம் ஆண்டில் ஒரு புதுமை செய்தார். துணியை இரண்டு அடுக்காகத் தைத்து, இடையில் அறை அறையாகப் பிரித்து, முன்புறம் வாய் திறந்து வைத்தார். எதிர்க்காற்று உள்ளே புகுந்து அறைகள் உப்பியதும், துணி விமானச் சிறகின் வடிவத்தைப் பெற்றது. எலும்பு இல்லாத சிறகு! அதே காலத்தில், விண்கலங்களை மெல்லத் தரையிறக்கும் வழி தேடிய டேவிட் பாரிஷ் என்பவர் ஒரு துணிச்சிறகு செய்து, 1965-இல் மலைச்சரிவு ஒன்றில் அதனோடு ஓடிப் பறந்து பார்த்தார். அக்காலத்தில் அது ஊரார் கண்ணில் பெரிதாகப் படவில்லை. பின்னர் 1978-ஆம் ஆண்டு ஜூன் மாதத்தில், பிரெஞ்சு ஆல்ப்ஸ் மலையில் உள்ள மியூசி என்னும் ஊரில், பெத்தாம், போன், போஸோன் என்னும் மூன்று பாராசூட் வீரர்கள், விமானத்திற்குக் கொடுக்கும் கூலியை மிச்சப்படுத்துவதற்காக, மலைச்சரிவில் ஓடித் தம் பாராசூட்டுகளை எழுப்பிப் பறந்தனர். அவர்களுள் போன் என்பவர் 1000 மீட்டர் கீழே இருந்த கால்பந்துத் திடலில் போய் இறங்கினார். அன்றே இவ்விளையாட்டு பிறந்தது எனலாம்.

இதில் ஒரு வேடிக்கை இருக்கிறது. பாராசூட் என்பது இறங்குவதற்காகவே படைக்கப்பட்ட கருவி. அதன் வழித்தோன்றலான பாராகிளைடரோ, ஆண்டுக்கு ஆண்டு திருந்தித் திருந்தி, இறங்க மனமில்லாத கருவி ஆகிவிட்டது. தொடக்க காலச் சிறகு ஒரு மீட்டர் இறங்குவதற்குள் மூன்று மீட்டர் முன்னே செல்லும். இன்றைய நல்ல சிறகு ஒரு மீட்டருக்கு ஒன்பது, பத்து மீட்டர் செல்கிறது. அமைதியான காற்றில் அது நொடிக்கு ஏறத்தாழ ஒரு மீட்டர்தான் தாழும். ஆயிரம் மீட்டர் இறங்கக் கால்மணி நேரம் பிடிக்கும். எந்தக் கருவி இறங்குவதற்கென்று பிறந்ததோ, அதனை இறக்குவதற்குத் தனி வித்தைகள் காண வேண்டியதாயிற்று.

இதே இக்கட்டு முன்னர் மரச்சிறகு கிளைடர்களுக்கும் நேர்ந்தது. 1930-களில் ஜெர்மனியில் கிளைடர்கள் மேகத்துக்குள் புகுந்து, கட்டுக்கடங்காத வேகம் கொண்டு, காற்றிலேயே உடைந்தன. ஹான்ஸ் யாக்கோப்ஸ் முதலிய பொறியாளர்கள் சிறகின் மேலும் கீழும் பலகை போல் எழுந்து நின்று காற்றைத் தடுக்கும் தடைகளை அமைத்தார்கள். புனேயில் ஹடப்சர் பக்கம் கிளைடர் பயிற்சி மையத்தின் வெண்சிறகுகள் இறங்குவதை நம்மில் பலர் கண்டிருப்பர். அவற்றின் சிறகில் சட்டென்று எழும் பலகைகள் இவையே. மரத்துக்கும் உலோகத்துக்கும் பலகை பொருத்தலாம்; துணிக்கு எதைப் பொருத்துவது? துணியையே மடிப்பதுதான் வழி. பருந்து அதைத்தான் செய்கிறது. உயரத்தில் சிறகை அகல விரித்து வட்டமிடும் பருந்து, கோழிக்குஞ்சைக் கண்டதும் சிறகை ஒடுக்கிக்கொண்டு பாய்கிறதன்றோ?

விரைந்து இறங்க வேண்டிய தேவை எப்போது எழுகிறது? காம்ஷேட் குன்றுகளையே எடுத்துக்கொள்வோம். கொங்கணக் கடற்கரையிலிருந்து வரும் காற்று சஹ்யாத்திரியின் சரிவில் மோதி மேலெழும். அந்த எழுச்சியில் சிறகுகள் மணிக்கணக்காக மிதக்கும். பிற்பகலில் காற்று வலுக்கும். சாதாரணச் சிறகின் வேகம் மணிக்கு 35 முதல் 40 கிலோமீட்டர். எதிர்க்காற்று அந்த அளவைத் தொட்டால் சிறகு முன்னேறாமல் நின்ற இடத்திலேயே நிற்கும். அதற்கு மேல் போனால் பின்னோக்கி, குன்றின் மறுபுறத்துக்குத் தள்ளப்படும். குன்றின் மறுபுறக் காற்றோ உருண்டு புரளும் காற்று. சிறகைக் கசக்கி எறிந்துவிடும். இது முதல் ஆபத்து. இரண்டாவது ஆபத்து மேகம். மார்ச்சு முதல் மே வரை தக்காணத்துத் தரை காய்ந்து, பிற்பகலில் திடீரென இடியோடு மழை பெய்யும். மராட்டியர் இதை வளீவ் என்பர். நம் ஊரில் மாம்பழ மழை என்று சொல்வதற்கு உடன்பிறப்பு. அந்த இடிமேகம் வளரும்போது அடியிலுள்ள காற்றை ஆலைப் புகைபோக்கி போல் மேலே உறிஞ்சும். அதன் கீழே அகப்பட்ட சிறகும் கூடவே போகும்.

மேகங்களை ஆராய்வதில் புனே நகரத்துக்குத் தனிச் சிறப்பு உண்டு. இந்திய வானிலைத் துறையின் தலைமை அலுவலகம் 1928-இல் சிம்லாவிலிருந்து இங்கே வந்தது. அது 1944-இல் டில்லிக்குப் போன பின்னும், சிவாஜி நகரில் உள்ள அக்கட்டடத்தைப் புனே மக்கள் சிம்லா ஆபீஸ் என்றே அழைக்கிறார்கள். சி.வி.இராமனிடம் ஆய்வு பயின்ற எல்.ஏ.ராம்தாஸ், தரையை ஒட்டிய காற்றின் குளிர் வெப்பங்களை 1930-களில் இங்கே அளந்து உலகப் புகழ் பெற்றார். சென்னை மாநிலக் கல்லூரியில் பயின்ற அன்னா மணி 1948-இல் இங்கே சேர்ந்து, வானிலைக் கருவிகளை நாட்டிலேயே செய்ய வழி வகுத்தார். வெப்பமண்டல வானிலை ஆராய்ச்சி நிலையம் 1962 முதல் இங்கே பணிபுரிந்து வருகிறது. இடிமேகம் இன்ன தன்மையது என்று பறப்பவர் இன்று ஓரளவேனும் முன்னறிந்து கொள்வது இத்தகையோர் உழைப்பினாலேயே. ஆனால் பறப்பவர் கேட்க வேண்டும், அதுதான் அரிது.

இனி, இறங்கும் முறைகள். பாராகிளைடரின் சிறகிலிருந்து தொங்கும் கயிறுகள் வரிசை வரிசையாக வரும். முன் விளிம்பில் உள்ள வரிசைக்கு ஏ என்றும், அடுத்ததற்கு பி என்றும், அதற்கடுத்ததற்கு சி என்றும் பெயர். கடைக்கோடியில் உள்ளவை பிரேக் கயிறுகள். திருப்புவதும் மெதுவாக்குவதும் அவற்றால்.

முதல் முறை, சிறகின் இரு முனைகளையும் மடித்தல். ஏ வரிசையின் வெளிக்கோடிக் கயிறுகளை இரு கைகளாலும் கீழே இழுத்தால் முனைகள் உட்புறம் மடியும். கீழிருந்து பார்ப்போர்க்கு யானைக் காது போல் தோன்றுவதால் பறப்போர் இதைப் பெரிய காது என்றே அழைக்கின்றனர். சிறகின் பரப்பு குறைவதால் தாழும் வேகம் கூடும். காலால் மிதிக்கும் வேகப்பட்டையையும் சேர்த்தால் நொடிக்கு மூன்று மீட்டர் வரை இறங்கலாம். முன்னேறும் வேகமும் குறையாது. ஆடாமல் அசையாமல் செல்லும். குன்றின் முன்னே வலுத்த காற்றில் அகப்பட்டவர்க்கு இதுவே தகுந்த முறை.

இரண்டாவது, பி வரிசைக் கயிறுகள் அனைத்தையும் சேர்த்து இழுத்தல். சிறகின் குறுக்கே நெடுக ஒரு மடிப்பு விழும். காற்றோட்டம் அறுபட்டுச் சிறகு பறப்பதை நிறுத்திவிட்டு, பாராசூட் போல் நேரே கீழே வரும். நொடிக்கு ஆறு முதல் எட்டு மீட்டர் வரை இறங்கலாம். கைகளை விட்டால் மறுபடி பறக்கும். ஒரு காலத்தில் பயிற்சி பெற்ற ஒவ்வொருவரும் கற்ற முறை இது. ஆனால் சிறகுகள் திருந்தத் திருந்த, காற்றின் தடையைக் குறைக்கக் கயிறுகளைக் குறைத்தார்கள். நான்கு வரிசை மூன்றாயிற்று. 2009-ஆம் ஆண்டையொட்டிப் போட்டிச் சிறகுகளில் இரண்டே வரிசை நின்றது. கயிறு குறைந்ததால் ஒவ்வொன்றின் மேலும் பாரம் கூடியது. பி வரிசையை இழுப்பது சிறகையே சிதைப்பதாகவோ, மீளும்போது முரண்டு பிடிப்பதாகவோ ஆயிற்று. இரண்டு வரிசைச் சிறகில் இம்முறைக்கே இடமில்லை. வேகத்துக்காகச் செய்த திருத்தம் இறங்கும் வழி ஒன்றை அடைத்துவிட்டது. காக்கிங்கின் கூம்பு இங்கே நினைவுக்கு வருகிறது.

மூன்றாவது சுழல் பாய்ச்சல். இதுவே எல்லாவற்றிலும் விரைவானது. எல்லாவற்றிலும் கொடியதும் இதுவே. ஒரு பக்கமாக உடலைச் சாய்த்து, அந்தப் பக்கத்துப் பிரேக்கை மெல்ல மெல்ல இழுத்துக்கொண்டே போனால், சிறகு வட்டமிடத் தொடங்கி, வட்டம் சுருங்கி, முகம் தரையை நோக்கிக் கவிழ்ந்து, திருகாணி போல் இறங்கும். நொடிக்குப் பத்து, பதினைந்து மீட்டர். சிலவேளை இருபதுக்கும் மேல். ஆயிரம் மீட்டரை ஒரு நிமிடத்துக்குச் சற்று மேலான நேரத்தில் கடந்துவிடலாம். விலை என்ன? சுழற்சியின் விசையால் உடலின் எடை மூன்று மடங்கும் நான்கு மடங்கும் ஆகும். எண்பது கிலோ ஆள் முந்நூறு கிலோ ஆகிறான். இரத்தம் தலையை விட்டுக் கால்களுக்கு வடிகிறது. முதலில் கண்ணின் ஓரங்கள் இருளும். பிறகு பார்வை குழாய் வழியே பார்ப்பது போல் சுருங்கும். பிறகு நினைவே போகும். விசயையின் மயக்கம் இங்கே கதையன்று, மருத்துவம்.

அதனினும் கொடியது ஒன்று உண்டு. சில சிறகுகளில், குறிப்பிட்ட வேகத்தைக் கடந்ததும், பிரேக்கை விட்டாலும் சுழற்சி நிற்பதில்லை. பறப்பவர் வட்டத்தின் வெளிப்புறத்தில் சுழல, சிறகு தரையை நோக்கிய முகத்தோடு அப்படியே பூட்டிக்கொள்ளும். உடலை வெளிப்பக்கம் சாய்த்து, வெளிப்பக்கப் பிரேக்கைத் துணிந்து இழுத்தாலன்றி மீட்சி இல்லை. முந்நூறு கிலோ எடையோடு, இருளும் கண்களோடு, அதைச் செய்ய வேண்டும். மேகத்துக்கு அஞ்சிச் சுழன்றவர் சுழலிலேயே மடிந்த செய்திகள் உண்டு. அதனால்தான் ஐரோப்பியத் தர விதிகளின்படி சிறகுகளைச் சோதிக்கும் வீரர்கள், வேண்டுமென்றே சுழலில் புகுந்து, கைவிட்டால் சிறகு தானாக மீள்கிறதா என்று பார்த்து அதற்கு வகுப்பு இடுகிறார்கள். மீளும்போதும் அவசரம் கூடாது. ஒரே மூச்சில் விட்டால் சேர்த்து வைத்த வேகமெல்லாம் சிறகை வானத்தை நோக்கி எற்றும். இரண்டு மூன்று வட்டங்களில் வேகத்தைக் கரைத்து வெளிவர வேண்டும். அதற்கும் கீழே உயரம் மிச்சம் இருக்க வேண்டும்.

ஒரு சிறு கணக்குப் போட்டுப் பார்ப்போம். மேகத்தின் அடியில் காற்று நொடிக்கு ஐந்து மீட்டர் எழுகிறது என்று கொள்க. சும்மா இருந்தால் நொடிக்கு நான்கு மீட்டர் மேலே போவீர்கள். காதுகளை மடித்தாலும் இரண்டு மீட்டர் மேலேதான். பி கயிறுகளை இழுத்தால் இரண்டு மீட்டர் கீழே. சுழன்றால் பத்து மீட்டர் கீழே. ஆனால் சுழல்வோரும் பி கயிற்றை இழுப்போரும் காற்றோடு காற்றாகப் பின்னே அடித்துச் செல்லப்படுவர். குன்றின் முன் வலுத்த காற்றில் இதைச் செய்தால், தப்ப நினைத்த மறுபுறத்திலேயே போய் விழ நேரும். ஆகவே எது சிறந்த முறை என்பதற்கு ஒரே விடை கிடையாது. காற்றுக்கு ஒன்று, மேகத்துக்கு ஒன்று.

முதுகில் பொறி சுமப்போர் கதை சற்று வேறு. 1980-ஆம் ஆண்டில் மைக் பைர்ன் என்னும் ஆங்கிலேயர் முதன்முதலாகப் பாராமோட்டார் என்னும் பெயரை வழங்கினார். 1986-ஐ ஒட்டிப் பிரான்சில் பாராகிளைடருக்குப் பொறி பூட்டத் தொடங்கிய பின் அது பரவிற்று. 2016-இல் நம் விமானப்படை வீரர்கள் பிரதட்சிணா என்னும் பெயரோடு பாராமோட்டாரில் நாட்டை வலம் வந்து, பத்தாயிரம் கிலோமீட்டர் அளவுக்குப் பறந்து காட்டினார்கள். இவர்களுக்கு எழும் காற்று தேவையில்லை. பெரும்பாலும் விடியலிலும் அந்தியிலும், காற்று உறங்கும் வேளையில் பறப்பார்கள். அதனாலேயே இவர்களுள் பலர் விரைந்து இறங்கும் வித்தையைக் கல்லாமலே காலம் கழிக்கின்றனர். அந்தியில் தொலைவில் உடைந்த இடிமேகத்தின் குளிர்காற்று தூசியெழுப்பிக்கொண்டு வரும்போதுதான், கல்லாமை தெரியவரும்.

இருபது முதல் முப்பத்தைந்து கிலோ வரை எடையுள்ள பொறி முதுகில் இருப்பதால் சிறகின் மேல் பாரம் கூடுகிறது. பாரம் கூடிய சிறகு சுழலில் இன்னும் விரைந்து புகும். வெளிவர இன்னும் தயங்கும். எந்த முறையைக் கையாள்வதற்கும் முன்னர் பொறியின் விசையை அடக்கியாக வேண்டும். விசை ஓடிக்கொண்டிருக்கும்போது சிறகு மடிந்தால், சிறகு ஒரு பக்கமும் ஆள் ஒரு பக்கமுமாகத் திருகிக்கொள்வர். கயிறு விசிறியில் சிக்கினால் பேச்சே இல்லை. சிலருக்குக் கூண்டின் அமைப்பால் ஏ கயிறுகள் கைக்கு எட்டுவதே கடினம். தரையில் நின்று எட்டிப் பார்க்காதவர் வானில் எட்டிப் பார்த்து என்ன பயன்? இன்னொரு நுட்பமும் உண்டு. இந்நூற்றாண்டின் தொடக்க ஆண்டுகளில் பாராமோட்டாருக்கென்றே பின்விளிம்பு சற்று மேல்நோக்கி வளைந்த சிறகுகள் பரவின. டிரிம்மர் என்னும் பட்டைகளைத் தளர்த்தினால் இவை விரைந்தும் உறுதியாகவும் பறக்கும். அந்நிலையில் பிரேக்கை ஆழ இழுத்தால் அந்த உறுதியே குலையும். பட்டைகளை முதலில் இழுத்துப் பழைய நிலைக்குக் கொண்டுவந்த பின்னரே சுழலைப் பற்றி நினைக்க வேண்டும். ஒவ்வொரு சிறகோடும் ஒரு கையேடு வருகிறது. எம்முறை ஆகும், எம்முறை ஆகாது என்று அதில் அச்சிட்டிருக்கும். வாங்குவோர் அதைப் படிப்பது, திருமண அழைப்பிதழின் அடிக்குறிப்பைப் படிக்கும் அளவுக்குத்தான் என்று பயிற்றுவோர் குறைப்படுவதை நாம் கேட்டிருக்கிறோம்.

எல்லாம் கற்றவர்க்கும் எல்லை உண்டு. 1959-ஆம் ஆண்டு ஜூலை 26-ஆம் தேதி அமெரிக்கப் போர் விமானி வில்லியம் ராங்கின், 47,000 அடி உயரத்தில், இடிமேகத்துக்கு மேலே, பொறி நின்றுபோன விமானத்திலிருந்து வெளியே குதித்தார். சில நிமிடங்களில் தரை சேர்ந்திருக்க வேண்டியவர். மேகத்தின் எழுகாற்று அவருடைய பாராசூட்டை மீண்டும் மீண்டும் மேலே தூக்கி எறிந்தது. ஆலங்கட்டி அடிக்க, மழைநீரில் மூச்சுத் திணற, நாற்பது நிமிடம் கழித்தே அவர் கீழே வந்தார். 2007-ஆம் ஆண்டு பிப்ரவரி 14-ஆம் தேதி, ஆஸ்திரேலியாவில் மணில்லா என்னும் ஊரில், உலகப் போட்டிக்கு முன்னோட்டமாகப் பறந்தவர்களுள் இருவரை இடிமேகம் உறிஞ்சிக்கொண்டது. ஜெர்மன் அணியின் ஏவா விஸ்நியர்ஸ்காவை அது 9,946 மீட்டர் உயரத்துக்கு, எவரெஸ்டுக்கும் ஆயிரம் மீட்டர் மேலே, கொண்டுசென்றது. காற்று நொடிக்கு இருபது மீட்டர் வேகத்தில் எழுந்துகொண்டிருந்தது. பதினைந்து மீட்டர் இறக்கும் சுழலும் அங்கே ஐந்து மீட்டர் ஏற்றமாகவே முடியும். நம் கணக்கு தோற்கும் இடம் அது. நாற்பது நிமிடத்துக்கு மேல் அவர் நினைவின்றிக் கிடக்க, சிறகு தானே பறந்தது. உடல் முழுதும் பனி மூடிய நிலையில் கண் விழித்து, புறப்பட்ட இடத்துக்குச் சுமார் 60 கிலோமீட்டர் அப்பால் இறங்கினார். மயிற்பொறி விசயையை இறக்கியது போல், எலும்பில்லாத அச்சிறகு அவரை இறக்கிவிட்டது. அவரோடு அகப்பட்ட சீன வீரர் ஹே சோங்பின் உயிரோடு திரும்பவில்லை.

இவற்றுக்கெல்லாம் பின்னர், ஒன்றும் கைகொடாதபோது, மார்பிலோ இருக்கையின் பக்கத்திலோ ஒரு சிறு பை உண்டு. பிடியை இழுத்து எறிந்தால் கார்னெரின் குடையின் பேரப்பிள்ளை ஒன்று விரியும். நொடிக்கு ஐந்து மீட்டர் அளவில் அது இறக்கும். எங்கே இறக்கும் என்பது காற்றின் விருப்பம். ஆண்டுக்கு ஒருமுறையேனும் அதனைப் பிரித்து உலர்த்தி மடித்து வைக்க வேண்டும். புழுக்கத்தில் துணி ஒட்டிக்கொள்ளும். ஐரோப்பாவில் ஏரிகளின் மேல், மீட்புப் படகு கீழே காத்திருக்க, இவ்வித்தைகளையெல்லாம் பழக்கும் பள்ளிகள் உண்டு. வானொலி வழியே ஆசிரியர் கரையிலிருந்து சொல்லச் சொல்ல மாணவர் மேலே செய்வர். புத்தகத்தில் படித்த சுழலும் உடல் உணர்ந்த சுழலும் வேறு வேறு என்பதை முதல் வட்டத்திலேயே அறிந்துவிடுவதாக அவர்கள் சொல்கிறார்கள்.

மே மாத இறுதியில் ஒரு மாலை, காம்ஷேட்டுக்கு அப்பால் உள்ள ஒரு சரிவில் நாம் நின்றிருந்தோம். மேற்கே மேகம் கறுத்திருந்தது. மின்னல் இன்னும் இல்லை. வானில் நான்கு சிறகுகள் இருந்தன. ஒருவர் காதுகளை மடித்துக்கொண்டு முன்னே போய் இறங்கினார். பின்னர் இருவர் இறங்கினர். ஒருவர் மட்டும், இன்னும் ஒரு வட்டம் என்று நினைத்தவர் போல், மேலேயே நின்றார். அடிவாரத்தில் துணி மடித்துக்கொண்டிருந்த நரைத்த பயிற்றுநர் தலை நிமிர்ந்து பார்த்தார். கையிலிருந்த சிறு வானொலியில் மராட்டியில் ஒரே ஒரு சொல், இறங்கு என்று சொன்னார். திரும்பச் சொல்லவில்லை. அச்சிறகு இறங்கிய பத்தாவது நிமிடம் முதல் தூசி எழுந்தது.

ஜூனில் மழை பிடித்ததும் சிறகுகள் மூட்டை கட்டப்படும். அவை இறங்கி வந்த வயல்களில் நீர் நிற்கும். மாவள் வட்டத்து உழவர் அங்கே இந்திராயணி நெல்லை நடுவர். அறுவடை முடிந்து தாள் காயும்வரை வானிலிருந்து வருவோர்க்கு அங்கே கால் ஊன்ற இடமில்லை.